லெஜூனியா என்று எழுதியிருந்த பொட்டலம்: ஏற்காட்டுப் பலாமரத்து மாஸ் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்தில் ஒரு கல்லூரி. அங்கே முதுகலைத் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்த மாணவி ஒருவர், சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களின் நிழல் மரங்களில் வளரும் பிரையோஃபைட்டுகளை (மாஸ், லிவர்வொர்ட் போன்ற, பூக்காத சிறு செடிகளை) பட்டியலிடுவதைத் தன் ப்ராஜெக்ட்டாக எடுத்துக்கொண்டார். வழிகாட்டிப் பேராசிரியைக்குப் பூக்கும் தாவரங்களில் நல்ல அனுபவம். மாஸ், லிவர்வொர்ட் பக்கம் அவர் அதிகம் போனதில்லை. மைக்ராஸ்கோப் வேலைக்குத் துணையாக என்னையும் சேர்த்துக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டில் மாஸ் படிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் கொடைக்கானலுக்கோ நீலகிரிக்கோதான் போவார்கள். பழனி மலைக்கு, செண்பகனூரில் இருந்த ஃபோரோ பாதிரியார் சேகரித்து 1961-இல் வெளியிட்ட மாஸ் பட்டியல் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு காட்டுக்குள் நுழையலாம். சேர்வராயனுக்கு அப்படி ஒரு பட்டியல் எங்கள் துறை அலமாரியில் இல்லை. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். அன்று தொடங்கி இந்த மலையின் பெரும்பகுதி தோட்டம். இப்போது நிழலுக்கு எங்கும் சில்வர் ஓக்தான். பழைய தோட்டங்களில் மட்டும் பலா, அத்தி, நாவல் இன்னும் நிற்கின்றன. பட்டைச் செடிகளைத் தேடுகிறவருக்கு அந்தப் பழைய தோட்டங்கள்தான் வேண்டும்.

காப்புக்காட்டுக்குள் சேகரிக்க வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பித்து, அது கைக்கு வருவதற்குள் ஏப்ரலில் ப்ராஜெக்ட்டைச் சமர்ப்பிக்கும் தேதி தாண்டிவிடும் என்று தோன்றியதால், காட்டை விட்டுவிட்டுத் தனியார் தோட்டம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வது என்று முதலிலேயே முடிவு செய்தோம். உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினோம்.

மரத்தில் பார்த்தது

அக்டோபர் மழைக்குப் பிறகு முதல் சேகரிப்பு. ஒரு பழைய பலாவின் வடக்குப் பக்கத்தில், நெஞ்சு உயரத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கரும்பச்சைத் திட்டு ஒன்று இருந்தது. பெயின்ட் பூசியது போலப் பட்டையோடு தட்டையாக ஒட்டியிருந்தது. விரலால் தடவினால் மெத்தென்று எதுவும் தட்டுப்படவில்லை. மாஸ் என்றால் நம் மனதில் வரும் நிமிர்ந்த குட்டிச் செடிகளின் சாயல் கொஞ்சமும் கிடையாது.

கைலென்ஸில் பார்த்தபோது நூல் மாதிரித் தண்டுகள் பட்டையின் வெடிப்புகளை ஒட்டிக் கிளைவிட்டு ஓடுவது தெரிந்தது. தண்டின் இரு பக்கமும் இலைகள் இரண்டு வரிசையாகப் படிந்திருந்தன. ஒவ்வொரு இலையும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நாக்கு வடிவம், மழுங்கிய நுனி. நடு நரம்பு இல்லை. தண்டைப் புரட்டினால் கீழ்ப்பக்கத்தில் இன்னும் சிறிய இலைகள். மாணவி இதையெல்லாம் அங்கேயே நின்று பென்சிலால் வரைந்துகொண்டார். பெயர்க் கட்டத்தில் கேள்விக்குறி மட்டும் போட்டார்.

எடுப்பதில் ஒரு சிக்கல் வந்தது. பட்டையோடு சேர்த்து எடுத்தால்தான் செடியின் அடிப்பகுதி முழுசாக வரும். கத்தியை வைத்ததுமே கூட வந்திருந்த மேஸ்திரி தடுத்தார். "கண்ணு, பலாவுல கத்தி ஆழமா போனா பால் வடியும். மரத்துக்கும் ஆவாது, ஒன் கத்திக்கும் ஆவாது." முதல் வெட்டிலேயே அவர் சொன்னது நடந்தது. பால் பிளேடில் ஏறி, செடியையும் பட்டைத் துணுக்கையும் ஒன்றாக ஒட்டிவிட்டது. தண்ணீரில் கழுவிப் பார்த்தோம், பிசின் போகவில்லை. அந்தத் துணுக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, தானாக உரிந்து நிற்கும் செத்த மேல்பட்டையை மட்டும் நகத்தால் நெம்பி எடுத்தோம். அதில் பால் இல்லை, வேரிகளும் (செடியைப் பட்டையில் பிடித்துவைக்கும் வேர் போன்ற இழைகள்) அறுபடாமல் வந்தன. பின்னால் இந்தச் சில்லுகள்தான் கைகொடுத்தன.

அதே மரத்தில் கொஞ்சம் மேலே செம்பழுப்பாக ஃப்ருலேனியா படர்ந்திருந்தது. அது லிவர்வொர்ட் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. இலையின் அடியில் தொப்பி கவிழ்த்தது போன்ற மடல் லென்ஸிலேயே தெரியும். அதையும் கொஞ்சம் எடுத்துத் தனிப் பொட்டலத்தில் போட்டோம்.

அலமாரியில் இருந்த பெயர்

துறைக்குத் திரும்பியதும் பேராசிரியை பழைய தொகுப்பைத் திறந்தார். முந்தைய ஆண்டு மாணவர் யாரோ சேகரித்த ஒரு பொட்டலம் கிடைத்தது. லேபிளில் ஏற்காடு, பலாமரப் பட்டை, லெஜூனியா என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்ததை வெந்நீரில் ஊறவைத்து ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் வைத்தால், கண்ணுக்கு அதே செடி. அங்கேயே அது லெஜூனியா என்று முடிந்துபோயிருக்கும். லெஜூனியா குடும்பம் இலையுள்ள லிவர்வொர்ட்டுகளிலேயே மிகப் பெரிய குடும்பம். வெப்பமண்டல மரப்பட்டையில் சின்னதாய், தட்டையாய், நரம்பில்லாமல் எது கண்ணில் பட்டாலும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

மாணவி தன் படத்தைக் காட்டினார். "மேடம், லெஜூனியான்னா இலையோட அடி ஓரம் மடங்கி ஒரு சின்னப் பை மாதிரி இருக்கணும்ல? இதுல எந்த இலையிலும் அது இல்ல."

பேராசிரியையின் பதிலும் தவறில்லை. "சில இனங்கள்ல அந்த மடல் ரொம்பச் சிறுத்துப்போய்த் தெரியாமலே இருக்கும்மா. அதை மட்டும் வெச்சு மறுக்க முடியாது."

இருவர் சொன்னதும் சரியாக இருக்க வாய்ப்பிருந்தது. மடல் இல்லை என்ற ஒரே காரணத்தால் லெஜூனியாவை நீக்கவும் முடியாது, பழைய லேபிளை நம்பி ஏற்கவும் முடியாது. எனவே இந்தச் செடிக்குப் பெயர் எழுதுவதைத் தள்ளிவைத்து, சேகரிப்பு எண்ணை மட்டும் கொடுத்து, லிவர்வொர்ட்டா மாஸா என்பதை முதலில் தீர்த்துக்கொள்வது என்று முடிவானது. பட்டியலில் மற்ற இனங்கள் நிறையவே இருந்ததால் இதனால் ப்ராஜெக்ட் தடைப்படாது என்பதும் இந்த முடிவை எளிதாக்கியது. நேரம் இன்னும் நெருக்கியிருந்தால் லெஜூனியாவே ஏறியிருக்கும் என்பது என் எண்ணம்.

லிவர்வொர்ட்டா, மாஸா

லிவர்வொர்ட் செல்களில் சவ்வு சூழ்ந்த எண்ணெய்த் திவலைகள் இருக்கும். எல்லா இனங்களிலும் இல்லை, பெரும்பாலானவற்றில் உண்டு. மாஸ்களில் அவை கிடையாது. பார்க்க எளிதான அடையாளம், ஆனால் ஒரு தொல்லை: செடி உலர்ந்தால் திவலைகள் சிதைந்து காணாமல் போய்விடும். பழைய பொட்டலத்தில் தேடிக் கிடைக்கவில்லை என்றால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி, சேலத்து வெயிலைக் கடந்து ஆய்வகம் வந்து சேர்ந்த சாம்பிளிலும் எனக்கு அவ்வளவு நம்பிக்கை வரவில்லை.

அதனால் மைக்ராஸ்கோப்பை மேலே கொண்டுபோனோம். மின்விளக்கு வைத்த புதியது வேண்டாம், அடியில் கண்ணாடி வைத்த பழைய மாணவர் மைக்ராஸ்கோப் போதும் என்று எடுத்துச் சென்றது நல்லதாகப் போயிற்று; அன்று தோட்டத்தில் கரண்ட் இல்லை. ஆபீஸ் திண்ணையில் வைத்து, வானத்து வெளிச்சத்தைக் கண்ணாடியில் பிடித்து, மரத்திலிருந்து எடுத்த கையோடு ஒரு சொட்டுத் தண்ணீரில் இலையை வைத்துப் பார்த்தோம். முதலில் ஃப்ருலேனியா: செல்லுக்குச் செல் மினுங்கும் திவலைகள் தெளிவாகத் தெரிந்தன. அடுத்து நம் செடி: பசுங்கணிகங்கள் நெருக்கமாக நிறைந்த அறுகோணச் செல்கள், திவலை ஒன்றுகூட இல்லை. ஒரே மரம், ஒரே நேரம், ஒரே தண்ணீர். பார்க்கும் முறையில் குறை இருந்தால் ஃப்ருலேனியாவிலும் அவை தெரிந்திருக்கக் கூடாது.

இதுவும் தீர்ப்பாகாது. திவலை இல்லாத லிவர்வொர்ட்டுகளும் இருக்கின்றனவே.

அடுத்து வேரிகள். லிவர்வொர்ட்டின் வேரி ஒரே நீண்ட செல். குறுக்குச் சுவர் கிடையாது. மாஸின் வேரி பல செல் கொண்டது, சுவர்கள் சாய்வாக அமையும். பழைய பொட்டலத்தில் இதைப் பார்க்கப் போனால் வேரியே இல்லை. அந்த மாணவர் கத்தியால் செடியைச் சுரண்டி எடுத்திருக்கிறார். வேரிகள் மரத்திலேயே தங்கிவிட்டன. நாங்கள் நகத்தால் நெம்பி எடுத்த சில்லுகளை இரவு முழுக்க ஊறவைத்து, இரண்டு ஊசிகளால் பட்டையை நார் நாராகப் பிரித்தபோது பழுப்பு நிற வேரிகள் வெளிவந்தன. பெரிதாக்கிப் பார்த்ததில் சுவர்கள் இருந்தன. அவை நேர் குறுக்காக இல்லாமல், செலரி நறுக்கும்போது கத்தி சரிந்த மாதிரி, சாய்ந்திருந்தன. மாணவி மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமல், "சார், சாய்வா இருக்கு" என்று மட்டும் சொன்னார். பேராசிரியை தானும் பார்த்தார். ஃப்ருலேனியாவின் வேரியைப் பக்கத்து ஸ்லைடில் வைக்கச் சொல்லி அதையும் பார்த்தார். அதில் சுவர் இல்லை. லெஜூனியா என்ற பேச்சை அவர் அன்றே விட்டுவிட்டார்.

நடு நரம்பு இல்லாததுதான் எல்லோரையும் திசைதிருப்பியது. கல்லூரிப் பாடத்தில் வரும் ஃபியூனேரியா, பாலிட்ரைக்கம் இரண்டுக்கும் நரம்பு உண்டு. மாஸ் இலை என்றால் நரம்பு இருக்கும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாங்கள். நரம்பில்லாத மாஸ்களும் நிறைய உண்டு, பாடத்திட்டம்தான் அவற்றைத் தொடுவதில்லை.

வித்தகப்பைக்குக் காத்திருந்தது

மாஸ் என்று தெரிந்துவிட்டது. எந்தக் குடும்பம் என்று சொல்ல வித்தகப்பை, அதாவது வித்துகள் உண்டாகும் பை, வேண்டும். அக்டோபர் சாம்பிளில் அது இல்லை. சமர்ப்பிக்கும் தேதிக்கு முன் ஒரு மழைக்காலம்தான் மிச்சம். இலையை மட்டும் வைத்து நெருக்கமான பெயர் ஒன்றைப் போட்டுவிடலாமா என்ற பேச்சு எழுந்தது. தட்டையான இரு வரிசை இலை, நரம்பில்லாமை, சிறிய உருவம் என்று தேடினால் ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பல குடும்பங்கள் வந்து நின்றன. காத்திருப்போம் என்று முடிவு செய்தோம். வித்தகப்பை வராமல் போனால் 'மாஸ், குடும்பம் தெரியவில்லை' என்றே எழுதுவது என்பதும் அப்போதே ஒத்துக்கொண்டது.

டிசம்பரில், காபி பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில், அதே திட்டின் ஓரத்தில் சிறு கிளைகளின் நுனியில் வித்தகப்பைகள் நின்றன. காம்பு குட்டை, சுற்றியிருந்த இலைகளுக்கு மேலே பை சற்றே தலைநீட்டியிருந்தது. சிலவற்றின் உச்சியில் கலிப்ட்ரா (இளம் பையைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை) தொப்பி போல மாட்டியிருந்தது, நீளவாக்கில் மடிப்புகளோடு. லிவர்வொர்ட்டில் பை மேலே கிளம்பும்போது கலிப்ட்ரா கிழிந்து அடியிலேயே நின்றுவிடும். பை அதைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்பது மாஸின் வழக்கம்.

பையைத் திறந்தோம். லிவர்வொர்ட்டின் பை போல நான்கு வால்வுகளாகப் பிளக்கவில்லை. உச்சியில் ஒரு மூடி தனியாகக் கழன்றது. உள்ளே எலேட்டர் (லிவர்வொர்ட்டில் வித்துகளைச் சிதறடிக்க உதவும் இழை) இல்லை. நடுவில் தூண் போன்ற கொலுமெல்லா இருந்தது. இனி விவாதிக்க ஒன்றுமில்லை.

மூடி கழன்ற பையின் வாயைச் சுற்றிப் பற்கள் தெரியவில்லை. இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டியிருந்தது. மாஸ் வகைப்பாட்டில் வாய்ப் பற்களுக்குப் பெரிய இடம் உண்டு. மாஸ்களின் பெயரிடல் தாவரவியலாளர் ஹெட்விக் இறந்தபின் 1801-இல் வெளியான அவருடைய நூலிலிருந்துதான் தொடங்குகிறது. பற்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் வகைப்பாட்டுக்குப் பயன்படுத்தியவர் அவர். (ஸ்ஃபேக்னம் என்ற மாஸுக்கும் லிவர்வொர்ட்டுகளுக்கும் தொடக்கம் 1753, லின்னேயஸ். ஒரு பொட்டலம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாறினால் அதன் பெயர்ச் சட்டத்தின் பிறந்த ஆண்டே மாறிவிடுகிறது.) எனவே 'பற்கள் இல்லை' என்று எழுதுவது கனமான வாக்கியம். முதிர்ந்து மூடி விழுந்த பையில் பற்கள் தெரியாவிட்டால், அவை இருந்து உதிர்ந்திருக்கவும் கூடும்.

மாணவியிடம், மூடி இன்னும் ஒட்டியிருக்கிற, நிறம் மாறத் தொடங்கிய பைகளை மட்டும் பொறுக்கச் சொன்னேன். ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழ் மூடியை ஊசி முனையால் நெம்பி எடுத்து, வாயைத் தண்ணீரில் மேல்நோக்கி நிறுத்திப் பார்த்தார். முதலில் திறந்தது நசுங்கிவிட்டது. அடுத்தடுத்துத் திறந்த ஒவ்வொன்றிலும் வாய் ஓரம் வழுவழுப்பாக இருந்தது. மூடியின் உட்புறத்திலும் பற்களின் துணுக்கு ஒட்டியிருக்கவில்லை. அதன் பிறகுதான் குறிப்பேட்டில் 'பற்கள் இல்லை. மூடி கழலாத பைகளில் பார்த்தது' என்று எழுதினோம். அந்த இரண்டாம் பாதிதான் வாக்கியத்துக்கு மதிப்பைத் தருகிறது.

குடும்பமும் பேரினமும்

கங்குலியின் கிழக்கிந்திய மாஸ் நூல், 1969 முதல் 1980 வரை பகுதி பகுதியாக வந்தது, நகலாகக் கிடைத்தது. தென்னிந்தியாவுக்காக எழுதப்பட்டதல்ல என்றாலும் அதன் குடும்பத் திறவுகோல்கள் (அடையாளங்களைப் படிப்படியாகப் பார்த்துப் பெயரை எட்டும் அட்டவணைகள்) உதவின. நரம்பும் இல்லை, பற்களும் இல்லை என்று போனால் ஹெட்விஜியா என்ற மாஸ் ஒரு பக்கம் வந்தது. அது பாறையில் வளர்வது, இலை நுனி வெளிறி மயிர் போல நீளும். நம் செடியின் நுனி மழுங்கல். அது விலகியது. மரப்பட்டையில் படர்ந்து, கலிப்ட்ரா மடிப்புகளோடு இருக்கும் எர்போடியேசியே குடும்பம் மிஞ்சியது.

அந்தக் குடும்பத்தில் வென்சூரியெல்லாவுக்குப் பற்கள் உண்டு, கிழக்காசியச் செடி, அதை நீக்கினோம். ஆலகோபிலத்தின் கலிப்ட்ரா பெரிதாகப் பை முழுவதையும் மூடும், இலையும் கூர்மையானது. எர்போடியத்தை ஒப்பிட நூலை நம்ப வேண்டிய அவசியம் இருக்கவில்லை. எர்போடியம் மாஞ்சிஃபெரே மாமரத்தின் பெயரையே தாங்கியிருப்பது, இந்தியச் சமவெளியில் பரவலாகக் கிடைப்பது. கல்லூரி வளாகத்து மாமரத்திலேயே ஒன்று அகப்பட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் குழப்பமே இல்லை: எர்போடியத்தின் இலைகள் தண்டைச் சுற்றி வந்தன, நுனி நோக்கிக் குறுகின, நம் செடியில் இலைகள் ஒரே தளத்தில் விரிந்து, நாக்கு வடிவில் மழுங்கியிருந்தன. மேல் இலைக்கும் கீழ் இலைக்கும் அளவு வித்தியாசமும் தெளிவாக இருந்தது. மிஞ்சியது சோல்ம்சியெல்லா. இனம் பைசீரியேட்டா, அதாவது இரு வரிசை கொண்டது.

பெயர் கிடைத்த பிறகு அதன் வரலாற்றைத் தேடியபோது எங்கள் பேராசிரியைக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆஸ்டின் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் 1869-இல் இந்தச் செடிக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது லெஜூனியா பேரினத்தில்தான் வைத்தார். லிவர்வொர்ட்டுகளில் தேர்ந்தவர் அவர். பிற்பாடு அவரே அதை மாஸ் என்று உணர்ந்து எர்போடியத்துக்கு மாற்றினார். 1884-இல் கார்ல் முல்லர், சோல்ம்ஸ்-லாவ்பாக் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளரின் பெயரால் சோல்ம்சியெல்லா பேரினத்தை உண்டாக்கினார். இப்போது வழங்கும் பெயர்ச் சேர்க்கை 1930-களில் ஸ்டீர் செய்தது. ஆக, அலமாரிப் பொட்டலத்தில் லேபிள் எழுதிய அந்தப் பழைய மாணவர் நல்ல துணையோடுதான் தடம் மாறியிருக்கிறார்.

குடும்பத்தின் இடமும் நகர்ந்திருக்கிறது. பற்களை வைத்துத்தான் பெரிய வரிசைகளைப் பிரித்தார்கள். பெரும்பாலும் பற்களே இல்லாத குடும்பத்தை எங்கே வைப்பது? வளரும் முறை, கலிப்ட்ரா, மரப்பட்டை வாழ்வு ஆகியவற்றைக் கொண்டு ஆர்த்தோட்ரைக்கம் போன்ற மாஸ்களின் அருகே வைத்திருந்தார்கள். டி.என்.ஏ. ஒப்பீடுகள் வந்தபின் அது டைக்ரேனம் கூட்டத்தின் பக்கம் போனது. நாங்கள் டி.என்.ஏ. எதுவும் பார்க்கவில்லை. ஒரு முதுகலை ப்ராஜெக்ட்டின் பணமும் காலமும் அதற்குப் போதாது. இனத்தை அடையாளம் காண அது தேவைப்படவும் இல்லை.

'முதல் பதிவு' பேச்சு

துறையில் இன்னொருவர், இதைச் 'சேர்வராயன் மலைக்கு முதல் பதிவு' என்று போட்டு ஒரு சிறு கட்டுரையாக அனுப்பிவிடலாம் என்றார். மாணவிக்கும் ஆசை இருந்தது, பிஎச்.டி. நேர்காணலில் ஒரு கட்டுரை கையில் இருந்தால் நல்லதுதானே.

நாங்கள் இரண்டாம் பிரதி ஒன்றை வேறு மாவட்டத்தில் உள்ள பிரையோஃபைட் வல்லுநர் ஒருவருக்கு அனுப்பினோம். மூடி கழலாத பைகளும், வேரியோடு கூடிய ஒரு பட்டைச் சில்லும், மாணவியின் படங்களும் அதில் இருந்தன. பேரினம், இனம் இரண்டும் சரி என்று பதில் வந்தது. கூடவே ஒரு கேள்வியும்: "உங்கள் துறையிலேயே இது லெஜூனியா என்ற பெயரில் இருந்ததே. மற்ற துறைகளின் அலமாரியில் எத்தனை பொட்டலம் அப்படி இருக்கும் என்று பார்த்தீர்களா?"

பார்க்கவில்லை. உலகம் முழுக்க வெப்பமண்டலத்தில் பரவியிருக்கிற செடி இது. அமெரிக்காவின் தென்கிழக்கிலிருந்து ஆப்பிரிக்கா, இலங்கை, ஆஸ்திரேலியா வரை உண்டு, இந்தியாவிலும் முன்பே தெரிந்ததுதான். இது அரிதானது என்பதை விட அடிக்கடி வேறு பெயரில் உறங்குவது என்று நினைக்கவே நியாயம் அதிகம். பழைய பெயர்களும் பல. எர்போடியம் என்றும், இலங்கை மாதிரியை வைத்து சிலோனிகா என்றும் நூல்களில் சிதறியிருக்கிறது. இன்றைய பெயரை மட்டும் தேடி, கிடைக்கவில்லை என்று 'முதல்' போடுவது சரியல்ல என்று முடிவு செய்தோம். கட்டுரை அனுப்பவில்லை. மாணவிக்கு வருத்தம்தான், வழிகாட்டி அதை மறைக்கவும் இல்லை, சமாதானமும் சொல்லவில்லை. மற்றத் தொகுப்புகளைப் பார்த்துவிட்டு எழுதினால் இன்னும் வலுவான கட்டுரை ஆகும் என்று மட்டும் சொன்னார்.

பின்னர் நடந்தது

ப்ராஜெக்ட் உரிய நாளில் போனது. வைவாவில் வெளித்தேர்வாளர் இந்த ஒரு இனத்தைப் பற்றித்தான் அதிக நேரம் கேட்டார். நரம்பு இல்லாத செடியை மாஸ் என்று எதை வைத்துச் சொன்னீர்கள் என்ற கேள்விக்கு மாணவி வேரியின் ஸ்லைடைக் காட்டினார். ஃப்ருலேனியா ஸ்லைடையும் தேர்வாளர் கேட்டு வாங்கிப் பார்த்தார்.

பழைய பொட்டலத்தின் லேபிளை யாரும் கிழிக்கவில்லை. அதன்மேல் புதிய சீட்டு ஒன்று ஒட்டி, புதிய பெயர், மாற்றியவர், தேதி, எந்த அடையாளத்தை வைத்து மாற்றியது என்பதை எழுதினோம். அந்தப் பொட்டலத்தில் வேரியும் இல்லை, பையும் இல்லை. எனவே 'இலை அமைப்பைப் புதிய மாதிரியோடு ஒப்பிட்டு' என்றுதான் காரணம் எழுத முடிந்தது. நாளைக்கு யாராவது ஒத்துக்கொள்ளாமல் போகலாம், அதற்கு வழி இருக்க வேண்டும்.

கோடையில் தோட்டத்தில் வழக்கம்போல நிழல் கழித்தார்கள். பலாவின் கிளைகள் சில போயின, வெயில் தண்டில் நேராக விழுந்தது. அடுத்த முறை போனபோது திட்டின் ஒரு ஓரம் பழுப்பாகச் சுருண்டிருந்தது. மேஸ்திரி, "காஞ்சு போச்சு கண்ணு" என்றார். ஒரு சில்லைத் தண்ணீரில் போட்டோம். சில நிமிடத்தில் இலைகள் விரிந்தன, ஆனால் பழுப்பு பழுப்பாகவே இருந்தது. பச்சை ஓரத்திலிருந்து எடுத்த சில்லு விரிந்ததோடு நிறமும் மீண்டது. செத்த செல்லும் தண்ணீர் குடித்து விரியும் என்பதால் விரிவதை மட்டும் வைத்து உயிர் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பழுப்பு ஓரம் செத்ததாகவே பதிவு செய்தோம். நிழல் கழிப்பை நிறுத்தச் சொல்ல நாங்கள் யார்? காபி காய்க்க வெளிச்சம் வேண்டும். உரிமையாளரிடம் தகவலாகச் சொன்னோம். அந்த ஒரு மரத்தின் வடக்குக் கிளையை விட்டுவைக்கிறேன் என்று அவராகவே சொன்னார்.

மாற்றிக்கொண்டவை

துறையின் சேகரிப்புச் சீட்டை மாற்றி அச்சிட்டோம். பெயருக்கான கட்டம் இப்போது கடைசியில் இருக்கிறது. அதற்கு முன் வேரியில் சுவர் உண்டா, எண்ணெய்த் திவலை உண்டா, பார்த்தபோது செடி பச்சையாக இருந்ததா உலர்ந்ததா, பையின் மூடி இருந்ததா விழுந்ததா என்ற கட்டங்கள். மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள், பெயர் தெரிந்த செடிக்கும் எல்லாவற்றையும் நிரப்ப வேண்டியிருக்கிறதே என்று. ஃப்ருலேனியாவுக்கு இது வீண் வேலை என்று அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மடல் தெளிவாகத் தெரியும் செடிகளுக்கு முதல் இரண்டு கட்டங்களை விட்டுவிடலாம் என்று தளர்த்தியிருக்கிறோம்.

மரப்பட்டைச் செடிகளைச் சுரண்டி எடுப்பதை நிறுத்திவிட்டோம். உரியும் மேல்பட்டையோடு, கட்டைவிரல் நகத்தின் அளவுக்கு மேல் போகாமல், திட்டின் நடுவில் கைவைக்காமல் எடுக்கிறோம். சிக்கலான செடி என்று தோன்றினால் சந்தேகமில்லாத லிவர்வொர்ட் ஒன்றையும் அதே மரத்திலிருந்து எடுத்துவர வேண்டும். மைக்ராஸ்கோப்பை மலைக்குக் கொண்டுபோவது எல்லா முறையும் முடிவதில்லை. அப்படிப் போக முடியாதபோது திவலைக் கட்டத்தில் கோடு போட்டுவிட வேண்டும், 'இல்லை' என்று எழுதக் கூடாது என்று சொல்லியிருக்கிறோம்.

லெஜூனியா என்று பெயரிட்ட மற்றப் பொட்டலங்களையும் அந்த மாணவியும் அடுத்த ஆண்டு மாணவர் ஒருவரும் சேர்ந்து திறந்து பார்த்தார்கள். பெரும்பாலானவை லெஜூனியா குடும்பமே. மடல் தெளிவாக இருக்கிறது. சமவெளியில் எடுத்த ஒன்று எர்போடியமாக மாறியது. இன்னொன்று சில்வர் ஓக் பட்டையிலிருந்து சுரண்டியது, வேரியும் பையும் இல்லாமல் இலைத் துணுக்குகள் மட்டும். லேபிளில் மரம் இருக்கிறது, தோட்டத்தின் பெயர் இல்லை. அதில் 'தீர்மானிக்கப்படவில்லை' என்று சீட்டு ஒட்டி அலமாரியில் வைத்திருக்கிறார்கள்.